துளையா, மூடியா

ஜூன் 17, சனி

அந்த மூன்று பந்துக்கும் இன்றோடு முழுக்குப் போட்டேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் கையில் கொடுத்துவிட்டார்கள். பிளாஸ்டிக் கூண்டு, உள்ளே மூன்று பந்து, ஓரத்தில் ஒரு குழாய். மூச்சுப் பயிற்சியாம். குழாயைக் கண்டால் மனுஷிக்கு ஊதத்தானே தோன்றும்? ஒரு வாரம் ஊது ஊதென்று ஊதினேன். பந்து அசைந்தால்தானே! அதை உறிஞ்ச வேண்டுமாம். நர்ஸ் பெண் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அதற்குப் பிறகு ஒன்றரை வருஷமாக உறிஞ்சிக்கொண்டுதான் இருக்கிறேன். பந்து ஏறும், இறங்கும். ஒரு சத்தம் உண்டா, சங்கதி உண்டா? ஊதுவதானால் சத்தம் வருகிற எதையாவது ஊதுவோம் என்று முடிவு செய்துவிட்டேன்.

போன ஞாயிறு கோயிலில் போதகர் அறிவிப்பு வாசித்தார். சபைக்குப் புதிதாக பேண்டு குழு, ஒன்றும் தெரியாதவர்களும் வரலாம், வயது வரம்பு கிடையாது. எனக்கு ஐம்பத்தொன்று. தலையில் முடிக்குப் பதில் துணி. வரம்பு இல்லை என்றால் இல்லைதானே? இன்று மத்தியானம் கட்டிக்கொண்ட அத்தானை ஸ்கூட்டர் எடுக்கச் சொல்லிப் போய் நின்றேன். அதற்குள் டிரம்பெட், டிரம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மேசையில் இரண்டு பெட்டிதான் மிச்சம்.

சொல்லிக்கொடுக்கிறவர் பெயர் ஜெபசிங். முப்பது, முப்பத்திரண்டு வயது இருக்கும். கல்லூரி ஒன்றில் ஆபீஸ் வேலையாம்.

"ரெண்டும் ஊதுற குழல்தானே தம்பி? என்ன வித்தியாசம்?" என்று கேட்டேன்.

"இது கிளாரினெட்டு, மரம். துளையை உங்க விரலாலயே அடைக்கணும். இம்மி விலகினாலும் கீச்சுனு காட்டிக்குடுத்துரும். இது சாக்ஸபோன், பித்தளை. துளைக்கெல்லாம் மூடி இருக்கு. நீங்க அமுக்கினாப் போதும், மூடி போய் அடைச்சுக்கும். பழகுறதுக்கு இதுதான் லேசு."

"அப்ப இதை ஏன் யாரும் எடுக்கல?"

"கனமா இருக்கும்லா! அதுபோக, கிளாரினெட்டு பழகினவங்களுக்கு சாக்ஸு தானா வந்துரும். இதுலருந்து அதுக்குப் போறதுதான் பெரும்பாடு. செப்டம்பர்ல அடுத்த குழு வருது. அதுவரைக்கும் ரெண்டையும் வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கக்கா. அந்த மாசம் இருபத்து மூணாம் தேதி ஒண்ணைச் சொல்லிருங்க, மத்ததை அவங்களுக்குக் குடுக்கணும்."

பார்க்க என்ன இருக்கிறது? இருபத்தாறு வருஷம் கோர்ட்டில் தட்டச்சு அடித்தவள் நான். சாட்சி வாயைத் திறந்து மூடுவதற்குள் என் விரல் வாக்கியத்தை முடித்திருக்கும். விரலுக்கு வேலை வைக்கிற வாத்தியம்தான் எனக்கு. கிளாரினெட்தான். சாக்ஸபோன் பெட்டியைச் சும்மா கட்டிலடியில் தள்ளி வைத்திருக்கிறேன்.

ஜூன் 22, வியாழன்

மருந்து நாள்.

மார்பில் இருந்ததை எடுத்தாயிற்று, கதை முடிந்தது என்று நினைத்திருந்தோம். பிப்ரவரியில் ஈரலில் வந்து உட்கார்ந்துவிட்டது. அதற்குத்தான் இந்த வியாழக்கிழமை மருந்து. கையில் ஊசி போட்டு, நாற்காலியில் சாய்த்து, இரண்டு மணி நேரம் ஏற்றுவார்கள். அத்தான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்து பேப்பரை நான்கு தடவை படிப்பார். பஸ் டெப்போவில் மெக்கானிக்காக இருக்கிறவர் வாரா வாரம் ஒரு நாள் லீவு எடுக்கிறார், அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

மருந்து ஏற்றுவதற்கு முன்னால் நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு வாசிப்பாள். காய்ச்சல் உண்டா? வாந்தி உண்டா? வாய்ப்புண் உண்டா? கை கால் விரல்களில் எரிச்சல் உண்டா? கோர்ட்டு சாட்சி மாதிரிதான், நமக்குப் பிரமாணம் மட்டும்தான் செய்து வைக்கவில்லை.

பக்கத்து நாற்காலி காலி. போன மாதம் வரை அதில் சங்கரன்கோவில் பேச்சியக்கா இருந்தாள். வாய் ஓயாத மனுஷி. ஏப்ரலில் அவள் டாக்டரிடம் போய், "விரலெல்லாம் கிடக்கா போச்சான்னே தெரியல தாயி, சோறு பிசையுறதுகூடத் தெரியல" என்று சொன்னாள். உடனே மருந்தைக் குறைத்தார்கள். இரண்டு வாரம் கழித்து நிறுத்தினார்கள். மே கடைசியில் அவள் மகள் எனக்கு போன் பண்ணி அழுதாள்.

ஆகவே எனக்கு விஷயம் தெளிவு. விரலைப் பற்றி வாயைத் திறந்தால் மருந்தைக் குறைப்பார்கள். மருந்தைக் குறைத்தால் பேச்சியக்கா போன வழிதான்.

எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. விரல் நுனியில் பஞ்சு சுற்றினாற்போல இருக்கிறது, அவ்வளவுதான். எரிச்சல் உண்டா என்றாள். இல்லை என்றேன். எரிச்சல் இல்லைதான். கோர்ட்டில் வக்கீல்கள் சாட்சிக்குச் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதானே: கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லு.

ஜூன் 24, சனி

சத்தம் வந்துவிட்டது! முதல் பத்து நிமிஷம் வெறும் காற்று. ஜெபசிங் கீழுதட்டைப் பல்லுக்கு மேல் மடிக்கச் சொன்னார், கன்னத்தை உப்ப விடாதீங்க என்றார். அப்புறம் ஒரு சத்தம் வந்தது பாருங்கள், கோயில் சுவரில் போய்த் தட்டித் திரும்பி என் காதுக்கே வந்தது. அத்தான் வாசலில் நின்றுகொண்டு, "யாரோ ஊதுறாங்கன்னு பாத்தா நம்ம எப்சியா!" என்று கேலி செய்தார். எத்தனை நாளாயிற்று அவர் இப்படிச் சிரித்து.

விரலே வைக்காமல் ஒரு ஸ்வரம், ஒரு விரல், இரண்டு விரல் வரை அருமை. மூன்றாவது விரலை வைத்தால் கீச்சென்கிறது. ஊதும்போது அதிர்கிற நாணல் பட்டை, ரீடு, அது சரியில்லை. வேறு ரீடு கேட்டிருக்கிறேன்.

ஜூலை 1, சனி

ரீடு மாற்றியும் கீச்.

"விரலைக் காட்டுங்கக்கா" என்றார் ஜெபசிங். துளையை ஒழுங்காக அடைத்திருந்தால் விரல் நுனியில் வட்டமாகத் தடம் விழுமாம். எனக்கு ஒரு விரலில் பாதி நிலா, ஒரு விரலில் ஓரமாக ஒரு கீற்று. மோதிர விரலில் ஒன்றுமே இல்லை.

"துளை எங்க இருக்குன்னு விரலுக்கே தெரியும்க்கா, தடவிப் பாத்து வையுங்க."

"தடவித்தான் வச்சேன்" என்றேன். வெடுக்கென்று வந்துவிட்டது. பாவம், அவர் முகம் சுருங்கிப் போயிற்று. குளிர்ச்சியில் மரம் சுருங்கியிருக்கும் என்று ஏதோ சொல்லிச் சமாளித்தேன். பாளையங்கோட்டையில் ஜூலை மாசம் குளிர்ச்சி!

ஜூலை 4, செவ்வாய்

இன்று நான் செய்த கூத்தை எழுதத்தான் வேண்டும்.

வாய்ப்புண். அடுத்தவர் வாய் வைத்ததை வாயில் வைக்கக் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கிளாரினெட்டில் வாய் வைக்கிற பாகம் எந்த மகராசன் கடித்ததோ! சோப்பு போட்டுக் கழுவினேன், மனசு கேட்கவில்லை. பால் புட்டியைக் கொதிக்க வைக்கிற உலகம்தானே இது? இட்லிச் சட்டியில் நடுத்தட்டில் வைத்து, தண்ணீர் ஊற்றி, மூடியைப் போட்டு, இருபது நிமிஷம் ஆவியில் வேகவிட்டேன். திறந்தால் வீடெல்லாம் டயர் எரிந்த நாற்றம். கறுப்பாக இருந்தது பாசி பிடித்த பச்சையில் கிடக்கிறது, நுனி கோணிவிட்டது.

அத்தான் வேலைக்கு நடுவில் சாப்பிட வந்தவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடி வந்தார். சட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "சாம்பார் வச்சாச்சா, இல்ல இதை சட்னியோட சாப்பிடணுமா?" என்றார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

கொதிக்கிற சட்டியை நான்தான் வெறுங்கையால் இறக்கி வைத்திருக்கிறேன். கையைப் பிடித்துப் பார்த்ததும் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டார். கட்டைவிரலிலும் ஆள்காட்டி விரலிலும் கொப்புளம். பெரிதாகத்தான் இருந்தது.

"எரியலையா எப்சி?"

"இல்ல."

மருந்து தடவிவிட்டார், தட்டில் சோறு போட்டு எனக்கும் எடுத்து வந்தார்.

ஜூலை 6, வியாழன்

எரிச்சல் உண்டா? இல்லை.

கொப்புளத்தைப் பார்த்து என்ன இது என்றாள் நர்ஸ். இட்லிச் சட்டி என்றேன். அவளும் சிரித்தாள். எல்லாம் உண்மைதான். ஒரு வார்த்தை பொய் கிடையாது.

ஜூலை 15, சனி

வாய் வைக்கிற பாகம் வேறு கிடைத்துவிட்டது. ஜெபசிங்கிடம் இட்லிச் சட்டி விவகாரத்தைச் சொன்னபோது குழு மொத்தமும் விழுந்து விழுந்து சிரித்தது. என் பட்டப் பெயர் இனி இட்லிக்கா. இருக்கட்டும்.

வீட்டில் ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். பீரோ கண்ணாடிக்கு முன்னால் நின்று ஊதினால் விரலைக் கண்ணால் பார்த்துத் துளையில் வைக்கலாம். மூன்று விரல் வரை வந்துவிட்டது. ஆறு விரலும் அடைத்தால் அடியிலிருந்து ஒரு ஆழமான சத்தம் வருமாம், ஜெபசிங் ஊதிக் காட்டினார். அதைக் கேட்டதிலிருந்து எனக்கு வேறு ஒன்றும் ஓடவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை என் வாயால் அது வர வேண்டும்.

கோயிலில் கண்ணாடி இல்லை. அங்கே மறுபடி கீச்.

ஜூலை 26, புதன்

அத்தான் இப்போது கேட்காமலே என்னென்னவோ செய்கிறார். காலையில் பார்த்தால் என் ஜாக்கெட்டில் ஹூக்கு எல்லாம் போய், அழுத்துகிற பட்டன் வந்திருக்கிறது. ஆறு ஜாக்கெட்டையும் தையல்காரரிடம் கொண்டுபோயிருக்கிறார்.

"என்ன அத்தான் இது?"

"ஹூக்கு துருப்பிடிச்சிட்டு. சேலையில கறை படும்."

ஒரு ஹூக்கிலும் துரு கிடையாது. காபி குடிக்கிற தம்ளரும் மாறிவிட்டது, கைப்பிடி வைத்த கோப்பை. மாத்திரை அட்டையிலிருந்து மாத்திரையைப் பிதுக்கி ஒரு கிண்ணத்தில் தயாராக வைத்துவிட்டுத்தான் டெப்போவுக்குப் போகிறார். வயதாக ஆக மனுஷனுக்குக் கரிசனம் கூடுகிறது போலிருக்கிறது. நல்லதுதான்.

ஆகஸ்ட் 5, சனி

இன்று ஜெபசிங் மேல் எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

நான்கு விரலுக்கு மேல் ஒரு வாரமாக ஒன்றும் நகரவில்லை. அவர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு தடவை சாக்ஸை ஊதிப் பாருங்கக்கா, எனக்காக" என்றார். தான் வாசிக்கிற சாக்ஸை எடுத்து வந்து, என் கழுத்தில் வாரை மாட்டி, வலது பக்கமாகத் தொங்கவிட்டார். இடது பக்கம் ஆபரேஷன் செய்த பக்கம், கை வீங்கும் என்று நான் முன்பே சொல்லியிருந்ததால் கவனமாகவே செய்தார். நான் வேண்டாவெறுப்பாக ஊதினேன். முதல் ஊதலிலேயே சத்தம். மூடியை எங்கே அமுக்கினாலும், ஓரத்தில் அமுக்கினாலும், அது பாட்டுக்குப் போய் அடைத்துக்கொள்கிறது. அரை மணி நேரத்தில் ஒரு கீர்த்தனையின் இரண்டு வரி வந்துவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள்.

"பாத்தீங்களா! இதுதான்க்கா உங்களுக்கு!"

கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டேன். "எனக்கு எதுன்னு எனக்குத் தெரியும் தம்பி" என்றேன். வாசலுக்கு வந்துவிட்டேன்.

கோபம் அவர் மேல் இல்லை என்று வீட்டுக்கு வந்த பிறகு தெரிகிறது. அதை எடுத்தால், விரல் போய்விட்டது என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. போடமாட்டேன்.

ஆகஸ்ட் 17, வியாழன்

எரிச்சல்? இல்லை.

ஆகஸ்ட் 23, புதன்

இருபத்தாறு வருஷ சர்வீஸில் என் தாளில் பிழை கண்டுபிடித்தவர் கிடையாது. இன்று லீவு நீட்டிப்பு விண்ணப்பத்தை வீட்டு கம்ப்யூட்டரில் அடித்தேன். அடித்து முடித்துத் திரையைப் பார்த்தால் ஒரு வரிகூட வாசிக்கிற மாதிரி இல்லை. விரல் ஒரு வரிசை தள்ளி உட்கார்ந்திருக்கிறது, எனக்குத் தெரியவே இல்லை. பார்த்துப் பார்த்து ஒற்றை விரலால் அடித்து முடிக்க ஒரு மணி நேரம். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மத்தியானம் ரசம் வைத்தேன், துணி மடித்தேன்.

செப்டம்பர் 2, சனி

ஐந்து விரல் வந்துவிட்டது! கண்ணாடி முன்னால்தான். ஆறாவது மட்டும் பாக்கி.

செப்டம்பர் 14, வியாழன்

ஸ்கேன். அந்தக் குழாய்க்குள் படுத்திருக்கும்போது விரலை வயிற்றின் மேல் வைத்து ஆறு துளையையும் அடைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அசையக் கூடாது என்று ஒலிபெருக்கியில் திட்டினார்கள்.

செப்டம்பர் 21, வியாழன்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

நாற்காலிக்குப் போகச் சொல்லவில்லை. நேராக டாக்டரம்மா அறைக்கு வரச் சொன்னார்கள். அவர் ஆந்திராக்காரர். இங்கே வந்து தமிழ் படித்தவர், புத்தகத்தில் இருப்பது போலத்தான் பேசுவார்.

"மருந்து வேலை செய்யவில்லை அம்மா. ஈரலில் புதிதாக மூன்று வந்திருக்கிறது. இந்த மருந்தை இன்றோடு நிறுத்துகிறோம்."

"அடுத்து?"

"மாத்திரை ஒன்று கொடுக்கிறேன். அது சில காலம் பிடித்து வைக்கும்."

"சில காலம்னா எவ்வளவு டாக்டர்?"

அவர் அத்தானைப் பார்த்தார். "கேட்டது நான்தான், என்னப் பாத்துச் சொல்லுங்க" என்றேன்.

"ஆறு மாதம் நன்றாக இருந்தால் எனக்குச் சந்தோஷம்" என்றார். கண்ணை விலக்காமல்தான் சொன்னார், அதற்கு நான் அவருக்கு நன்றி சொல்ல வேண்டும்.

இனி மறைக்க என்ன இருக்கிறது? இரண்டு கையையும் மேசை மேல் வைத்தேன். "விரல் மரத்துப் போச்சு டாக்டர். மே மாசத்துலருந்து."

அவர் எழுந்துவிட்டார். "மே மாதமா? வாரா வாரம் கேட்டோமே! ஏன் சொல்லவில்லை?"

"எரிச்சல் உண்டான்னுதான் கேட்டீங்க. மரத்துப் போச்சான்னு யாரும் கேக்கல."

அவர் மேசையில் கிடந்த அந்தத் தாளை எடுத்து விரலால் ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். "இந்தத் தாளைத் தமிழில் எழுதியது நான்தான். அந்த வார்த்தை எனக்குத் தெரியாது" என்றார். பிறகு, "ஆனால் உங்களுக்குத் தெரியும்" என்றார். பேச்சியக்காவைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். பேச்சியக்காவுக்கு மருந்தை நிறுத்தியதே அது கேட்காததால்தானாம், விரலால் இல்லையாம். "குறைத்திருந்தாலும் உங்களுக்கும் முடிவு இதுதான். விரலாவது மிஞ்சியிருக்கும்."

ஐந்து மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு காப்பாற்றியது எதை? ஒன்றையும் இல்லை. பைத்தியக்காரி.

அப்போது அத்தான் வாயைத் திறந்தார். "எனக்கும் தெரியும் டாக்டர்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

"ஜாக்கெட்டு ஹூக்கு போட முடியாம அவ நின்னுக்கிட்டு இருந்தா. கொப்புளம் வந்தும் எரியலைன்னா. எனக்குத் தெரியும். சொன்னா மருந்தை நிறுத்திருவீங்கன்னு நானும் சொல்லல."

நான் அவரிடம் மறைத்தேன். அவர் தெரிந்ததை என்னிடம் மறைத்தார். ஒரே வீட்டில், ஒரே பயத்தை ஆளுக்கொரு மூலையில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறோம்.

டாக்டரம்மா என் விரலை ஒவ்வொன்றாக ஊசி நுனியால் தொட்டுப் பார்த்தார். நல்ல மனுஷி. எனக்கு ஆறுதல் சொல்ல நினைத்திருப்பார். "கவலைப்படாதீர்கள். மருந்தை நிறுத்தினால் உணர்ச்சி திரும்பி வந்துவிடும். நரம்பு மெதுவாகத்தான் வளரும். ஒரு வருடம் ஆகும்" என்றார்.

சொல்லி முடித்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. ஊசியை மெதுவாக மேசையில் வைத்தார்.

செப்டம்பர் 22, வெள்ளி

காலை முழுக்க அத்தான் ஸ்கூட்டரைக் கழுவினார். கழுவிய ஸ்கூட்டரை மறுபடி கழுவினார்.

சாப்பிடும்போது சொன்னேன். "நாளைக்கு இருபத்து மூணு. சாக்ஸுன்னு சொல்லிரப் போறேன்."

"கிளாரினெட்டுன்னு சொல்லு."

"விரல் இல்லாம என்னத்த வாசிக்க?"

"விரல் வரும்னு சொன்னாங்கல்லா?"

"எப்ப வரும்னு சொன்னாங்க அத்தான்?"

"ஒரு வருஷம். அதுக்கென்ன இப்ப?"

"அதுக்கு முந்தி அவங்க சொன்னதையும் கேட்டீங்கல்லா?"

தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார். மோட்டாரை நிறுத்தப் போகிறேன் என்றார். மோட்டார் ஓடவே இல்லை.

அவர் சொல்வது எனக்குப் புரியாமல் இல்லை. கிளாரினெட் என்று சொன்னால் இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது என்று அர்த்தம். சாக்ஸ் என்று சொன்னால் இல்லை என்று அர்த்தம். அதற்காக நான் கையில் ஒரு மரக்கட்டையைப் பிடித்துக்கொண்டு ஊதாமலே உட்கார்ந்திருக்கவா? எனக்கு வாசிக்க வேண்டும். கீச் இல்லாமல் ஒரு பாட்டு, முழுசாக.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். பயமாகத்தான் இருக்கிறது. இந்த மனுஷனை விட்டுவிட்டுப் போக எனக்குக் கொஞ்சமும் இஷ்டமில்லை.

செப்டம்பர் 23, சனி

இரண்டு பெட்டியையும் எடுத்துக்கொண்டு போனோம். ஸ்கூட்டர் வேண்டாம், நடப்போம் என்றேன். கோயில் பக்கம்தானே.

ஜெபசிங் மேசையில் பதிவேட்டைத் திறந்து வைத்திருந்தார். அடுத்த குழுவில் சேர வந்த நான்கைந்து பேர் பெஞ்சில் இருந்தார்கள்.

"என்னக்கா, முடிவு பண்ணியாச்சா?"

"சாக்ஸ்" என்றேன்.

அவர் பேனாவை வைத்துவிட்டார். "அன்னைக்கு அவ்வளவு கோவப்பட்டீங்க! உங்க உயிரே கிளாரினெட்டுலதானக்கா இருக்கு. என்ன ஆச்சு?"

"விரல்ல உணர்ச்சி இல்ல தம்பி. மருந்து செஞ்ச வேலை. இத்தனை நாளும் கீச்சு கீச்சுன்னது அதான். ரீடு மேல பழியைப் போட்டேன்."

அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அய்யோ, இதை மொதல்லயே சொல்லியிருக்கலாமேக்கா. வந்துருமா?"

"வரும்னுதான் டாக்டர் சொல்லுதாங்க. ஒரு வருஷம் ஆகுமாம்."

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அவ்வளவுதானா! ஒரு வருஷம் என்ன, கண்ண மூடித் திறக்குறதுக்குள்ள ஓடிரும். நல்லதை விட்டுட்டு எதுக்கு அவசரப்படுதீங்க? பொறுங்கக்கா, கிளாரினெட்டையே உங்க பேருக்கு எழுதிருதேன்."

அவருக்குத் தெரியாது. வியாழக்கிழமை நடந்ததை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. என்ன அவசரம் என்று கேட்கிறார், சாதாரணமாக, சிரித்த முகத்தோடு. "சாக்ஸே எழுதுங்க" என்று சொல்ல வாயெடுத்தேன், சத்தம் வரவில்லை.

அத்தான் என் பின்னாலிருந்து முன்னால் வந்தார். கிளாரினெட் பெட்டி அவர் கையில்தான் இருந்தது.

"அவளுக்கு சாக்ஸ் எழுதுங்க தம்பி. அவ இப்பவே வாசிக்கணும்" என்றார்.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். நேற்று எழுந்து போன மனுஷன்.

ஜெபசிங் எழுதினார். எப்சிபா, சாக்ஸபோன். எழுதிவிட்டு, "அப்ப கிளாரினெட்டைக் குடுங்கண்ணே, அடுத்த குழுவுல குடுக்கணும்" என்று கையை நீட்டினார். அத்தான் பெட்டியைக் கொடுக்கவில்லை.

"அடுத்த குழுவுல எம்பேரைப் போடுங்க."

"உங்க பேரா?"

"ஆசீர்னு போடுங்க. கிளாரினெட்டு. நான் பழகி வச்சிக்கிடுதேன். இவளுக்கு விரல் வந்தோடன மாத்திக்கிடுவோம்."

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டெப்போ மெக்கானிக், கட்டை கட்டையாக விரல், நகத்தில் இந்த ஜென்மத்தில் போகாத கிரீஸ். கீர்த்தனை பாடும்போதுகூட உதட்டை மட்டும் அசைப்பவர். ஜெபசிங்கும் சிரித்துக்கொண்டேதான் எழுதினார். அத்தான் சிரிக்கவில்லை. எழுதி முடிகிற வரை குனிந்து பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், சொன்னது அப்படியே ஏறுகிறதா என்று.

திரும்பி வரும்போது கனமான சாக்ஸ் பெட்டி அவர் வலது கையில், கிளாரினெட் இடது கையில். ஒன்றைக் கொடுங்கள் என்றேன், தரவில்லை. மூன்று மணி வெயில். தபால் ஆபீஸைத் தாண்டும்போது நான்தான் பேச்சை ஆரம்பித்தேன்.

"உங்களுக்கு ஒரு ஸ்வரம் தெரியாது. அதை எப்படி அத்தான் படிப்பீங்க?"

"படிச்சிருவேன். ஒரு வருஷம் இருக்குல்லா?"

ரோட்டைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டார். கேட்டுவிட்டு நடையைக் குறைத்தார். நான் பதில் சொல்கிற வரை அடுத்த அடி எடுத்து வைக்கமாட்டார் போலிருந்தது.

"இருக்கு அத்தான்" என்றேன்.